ஸ்பீட் டெஸ்ட் போதாது, ஒளியின் அளவைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதனுடன் பைபர் பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "நூறு எம்.பி. பிளான் போட்டிருக்கிறேன் சார். சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் நின்று நின்று வருகிறது. ரூட்டரை மாற்றி விடலாமா?" ஓர் எண்ணைப் பார்க்காமல் மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக் கொண்டேன்.

எங்கள் வீட்டில் வெள்ளையடித்து முடித்த மறுவாரம் இன்டர்நெட் தகராறு செய்யத் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "ஆப் செய்து ஆன் செய்யுங்கள்" என்றார்கள். மறுமுறை, "உங்கள் வை-பி சரியில்லை, நல்ல ரூட்டர் வாங்குங்கள்" என்றார்கள். 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பிறகும் அதே கதைதான். என் மகளுக்கு வேலைக்கான ஆன்லைன் நேர்காணல் நடந்து கொண்டிருந்தபோது மூன்று முறை இணைப்பு அறுந்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த லைன்மேன் தம்பி, கையில் இருந்த சின்ன மீட்டரில் கேபிளைச் செருகிப் பார்த்தார். மைனஸ் 29. பீரோவை நகர்த்தினால், அதன் பின்னால் கேபிள் மடங்கி நசுங்கிக் கிடந்தது. வளைவைப் பிரித்து விட்டதும் மைனஸ் 21. அவ்வளவுதான், எல்லாம் சரியாகி விட்டது. புது ரூட்டர் இப்போது பரணில் தூங்குகிறது.

இந்த எண் என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் பைபர் மோடத்திற்குள் டிரான்ஸ்சீவர் என்று ஒரு பாகம் இருக்கிறது. கட்டைவிரல் அளவுகூட இருக்காது. ஒளியை அனுப்பும் லேசரும், வரும் ஒளியை மின்சாரமாக மாற்றும் டையோடும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், நமக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளம், நாம் அனுப்பும் ஒளி 1310. அலைநீளம் வேறு வேறாக இருப்பதால்தான் தலைமுடியைப் போல மெல்லிய ஒரே கண்ணாடி இழையில் இரண்டும் மோதாமல் போய் வருகின்றன. (இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. அதற்காக கேபிள் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.)

நிறுவனத்தின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒளி நேராக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு போடப்படுகிறது. நமக்கு வந்து சேருவது ஒரு துளிதான். அந்தத் துளியை டிபிஎம் என்ற அளவில் சொல்கிறார்கள். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது. என் பீரோ விழுங்கிய 8 டெசிபெல், வந்த ஒளியில் ஆறில் ஐந்து பங்குக்கும் மேல்! ஜிபானில் பரவலாக உள்ள பி பிளஸ் வகையில், வீட்டுப் பெட்டி தாங்க வேண்டிய எல்லை மைனஸ் 27. அதற்குக் கீழே பெட்டி தட்டுத் தடுமாறும். மைனஸ் 8-க்கு மேல் ஒளி அதிகமானாலும் ஆபத்துதான், ஆனால் வீடுகளில் அப்படி நடப்பது அபூர்வம்.

இப்போது என் வாதத்திற்கு வருகிறேன். ஒளி குறைந்தால் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. மைனஸ் 18-லும் நூறு எம்.பி. வரும், மைனஸ் 26-லும் அதே நூறு வரும். எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாகக் கவிழும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் சிவப்பு விளக்கும் ஒளி எல்லைக்குக் கீழே போன பிறகுதான் கண் சிமிட்டும். ஆகவே இணைப்பு கொடுக்கும் நாளில் செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் காட்டி, கையெழுத்து வாங்கிக் கொண்டு போவது பாதி வேலைதான். ஒளியின் அளவையும், தேதியையும் இணைப்புப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். என் படிவத்தில் அது இருந்திருந்தால், முதல் போன் காலிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. டிரான்ஸ்சீவர் தன் ஒளி அளவைத் தானே அளந்து வைத்துக் கொள்கிறது. நிறுவனமும் அதைத் தன் இடத்திலிருந்தே பார்க்க முடியும். ஆனால் வாடிக்கையாளருக்கு அந்தப் பக்கத்தைப் பூட்டி வைக்கிறார்கள் சிலர். எண்ணைக் காட்டினால் புரியாமல் போன் போட்டுத் தொல்லை செய்வார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கரண்ட் மீட்டர் நம் வீட்டு வாசலில்தானே இருக்கிறது? யூனிட் கணக்கு பார்க்க யாரும் இன்ஜினியரிங் படிக்கவில்லை.

நம் பக்கத்திலும் சில பொறுப்புகள் உண்டு. கேபிளை மூலையில் மடக்கி ஆணி அடிக்காதீர்கள். பச்சை நிற இணைப்பு முனையைக் கழற்றி விரலால் தொடாதீர்கள், ஒரு தூசி போதும் ஒளியை மறைக்க. பச்சை முனையை நீல முனையோடு சேர்க்கவும் கூடாது. பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு சரியாகப் பொருந்தாது. விலை மலிவு என்று எங்கோ கிடைத்த பழைய பெட்டியை நீங்களாக மாட்டுவதும் வேண்டாம். தெருவில் உள்ள எல்லாப் பெட்டிகளும் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நொடித்துளியில் மட்டும் லேசரை எரித்து அணைக்கின்றன. ஒரு பெட்டியின் லேசர் அணையாமல் எரிந்தால் போதும், அதே ஸ்பிளிட்டரில் உள்ள அத்தனை வீட்டுக்கும் இன்டர்நெட் போய்விடும். உங்கள் வீட்டுக் கோளாறு பக்கத்து வீட்டிலும் இருக்கலாம் என்பது இதனால்தான்.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கம் உங்களுக்குத் திறந்தால், அதில் ஆப்டிகல் பவர் என்ற இடத்தைத் தேடிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் லைன்மேன் வரும்போது மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். நான் என் பெட்டியின் பக்கவாட்டில் மைனஸ் 21 என்று எழுதி, தேதி போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது மைனஸ் 22.