எண் எரிந்தால் போதுமா?

"டிஜிட்டல் மீட்டரே காட்டுது, அப்புறம் என்ன சந்தேகம்?" நூம்பல் பட்டறைகளிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. முள் மீட்டரை ஒன்றுக்கு இரண்டு முறை தட்டிப் பார்க்கிறவர்கள்கூட, சிவப்பில் எண் எரிந்துவிட்டால் அதை அப்படியே ரெஜிஸ்டரில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையால் நல்ல சரக்கு ரிஜெக்ட் ஆகிறது, கெட்ட சரக்கு லாரி ஏறுகிறது.

அழுத்தத்தைத் துடிப்புகளாக்கித் தரும் சென்சார் ஒன்று நொடிக்கு 10,000 துடிப்பு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடி எப்போது முடிகிறது என்று சொல்வது மீட்டருக்குள் இருக்கும் ஆஸிலேட்டர். அது அரை சதவீதம் மெதுவாக ஓடினால் எண்ணிக்கை 10,050ஐத் தொடும். சென்சார் மேல் ஒரு குற்றமும் இல்லை, ரீடிங் தப்பு. குவார்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் பிழை பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. காசை மிச்சம் பிடிக்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டரை நம்பினால் பிழை சதவீதக் கணக்குக்குப் போய்விடும்.

சில சென்சார்களில் அளப்பதே ஆஸிலேட்டர்தான். டாலஸ் நிறுவனத்தின் பழைய டிஎஸ்1820 வெப்ப சென்சாருக்குள் இரண்டு ஆஸிலேட்டர்கள் உண்டு. வெப்பத்துக்கு அதிகம் அசையாத ஒன்றின் துடிப்புகளை, வெப்பத்தோடு மாறும் மற்றொன்று தரும் கால அளவுக்குள் எண்ணித்தான் அது டிகிரி சொன்னது. அங்கே துடிப்பில் வரும் நடுக்கம் நேராக டிகிரியில் போய் விழும்.

இதையெல்லாம் சொன்னால், "சராசரி எடுத்தா சரியாயிடும்" என்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நடுக்கம் என்றால், நூறு ரீடிங்கின் சராசரி அதைப் பத்தில் ஒன்றாக்கும். மெல்ல ஒரே பக்கமாக நகரும் விலகலை அது தொடக்கூடத் தொடாது. ஆஸிலேட்டரில் இரண்டும் கலந்தே இருக்கும். நேரம் கூடக்கூட எந்தப் பிழை குறைகிறது, எது வளர்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வழியை அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஆலன் 1966-லேயே தந்துவிட்டார். கடைசி இலக்கம் ஆடாமல் நிற்பதைக் காட்டி மீட்டரை விற்கிறவர்கள், பாதி உண்மையைத்தான் விற்கிறார்கள்.

நேரம் சொல்லும் பாகம் கெட்டால் மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை என்பதற்கு விண்வெளியிலும் உதாரணம் உண்டு. இடங்காட்டுவதற்காக 2013-ல் இஸ்ரோ ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாயின. மற்ற கருவிகள் இயங்கியும் இடங்காட்டும் வேலைக்கு அது உதவவில்லை. அங்கே ஒரு நானோநொடி பிசகினால் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர் போய்விடும்.

கேலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். அது ஏசி அறையில் வாங்கியது. மீட்டர் வேலை செய்வதோ சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில். சரிபார்க்கிறவர்களை மதியம் இரண்டு மணிக்கு, மெஷின் ஓடும் இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.