நிறுத்தப்பட்ட கருவியை நம்பி வாங்கலாமா?

இசையில்லாத விழா நம்மிடையே இல்லை. பிறந்தநாள், புதுநன்மை விருந்து, நிச்சயதார்த்தம், திருமண வரவேற்பு எதுவாயினும் பாட்டு ஒலித்தாக வேண்டும். முன்னாளில் மைக்செட்காரர் இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டு அப்பணியைச் செய்தார். இந்நாளில் ‘டி.ஜே.’ எனப்படும் இளைஞர் அதனை ஏற்றிருக்கிறார். ஐம்பது, நூறு பேர் கூடும் சிறு நிகழ்ச்சிகளில் இஃது ஓரளவு வருவாய் தரும் பக்கத்தொழிலாகவும் அமைகிறது. ஆகவே, “சிறிய கண்ட்ரோலர் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது, வாங்கித் தாருங்கள்” என்று மகனோ மகளோ வந்து நிற்கும் நாள் நம் இல்லங்களிலும் வரலாம். அப்பொருள் என்னவென்றே பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கோ அதன் பளபளப்பும் விலையும் மட்டுமே கண்ணில் படுகின்றன. பணம் கைமாறுவதற்கு முன் இருவரும் சேர்ந்து அறிய வேண்டியவற்றை இத்திங்கள் நோக்குவோம்.

முதலில், கண்ட்ரோலர் என்பது பாட்டுப்பெட்டி அன்று. அதனுள் ஒரு பாட்டும் இல்லை. பாட்டுகள் மடிக்கணினியில் இருக்கின்றன. அவற்றைக் கலந்து தருவதும் அங்குள்ள மென்பொருளே. கண்ட்ரோலரில் இடமும் வலமுமாக இரு வட்டத் தட்டுகளும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களும், ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்குக் கடத்தும் ‘கிராஸ்ஃபேடர்’ என்னும் நழுவு விசையும் உள்ளன. இவற்றைக் கையால் அசைக்கும்போது அவ்வசைவு பற்றிய செய்தி யு.எஸ்.பி. வடம் வழியாகக் கணினிக்குச் செல்கிறது. அச்செய்தி பெரும்பாலும் ‘மிடி’ என்னும் மொழியில் அமைவது. இசைக்கருவி நிறுவனங்கள் கூடி வகுத்து, 1983-ஆம் ஆண்டு வெளியான பொதுமொழி அது. எளிதாகச் சொன்னால், கண்ட்ரோலர் கடிவாளம். குதிரை கணினியில் இருக்கிறது.

இவ்வேறுபாட்டை உணராமல் பலர் ஏமாறுகின்றனர். ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட எஸ்.எல். 1200 என்னும் இசைத்தட்டுச் சுழலியை எண்ணிப் பாருங்கள். 2010-இல் அதன் உற்பத்தி நின்றது. 2016-இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் பழைய சுழலிகளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. மின்சாரமும் ஊசியும் இருந்தால் அவை பாடின. யாருடைய தயவும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. கண்ட்ரோலரின் நிலை அத்தகையது அன்று. உடல் சிறிதும் தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆயினும் கணினி அதனை அடையாளம் காண மறுத்தால் அது வெறும் பிளாஸ்டிக் பலகையே.

கணினி ஏன் மறுக்கிறது? பல கண்ட்ரோலர்களுக்கு ‘டிரைவர்’ என்னும் இணைப்பு மென்பொருள் தேவை. அதனை எழுதித் தருபவர் கருவியைச் செய்த நிறுவனத்தார். கணினியின் இயங்குதளம் மாறும்போதெல்லாம் டிரைவரும் திருத்தப்பட வேண்டும். உற்பத்தி நின்றபின் அத்திருத்தமும் ஒருநாள் நின்றுவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘கட்டலினா’ இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை அறவே ஒதுக்கியது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய டிரைவரை மட்டுமே நம்பியிருந்த கருவிகள் இம்மாற்றங்களில் கைவிடப்பட்டன. நிறுவனமே மறைந்துவிடுவதும் உண்டு. 1977-இல் தோன்றி, சுழலிகளாலும் மிக்சர்களாலும் பின்னர் வி.சி.ஐ. வரிசைக் கண்ட்ரோலர்களாலும் பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனம் வெஸ்டாக்ஸ். அது 2014 டிசம்பரில் திவாலாயிற்று. அதன் கருவிகள் உறுதியானவை என்று இன்றும் புகழப்படுகின்றன. ஆனால் புதிய டிரைவர் கேட்டு எவரிடம் செல்வது?

நிற்க. இதனால் நிறுத்தப்பட்ட கருவிகள் யாவும் வீண் என்று முடிவு கட்டலாகாது. தனி டிரைவர் வேண்டாமலே, இயங்குதளத்தின் பொதுவான வசதியைக் கொண்டு இயங்கும் கருவிகளும் உள்ளன. இவற்றுக்கு ஆயுள் மிகுதி. மேலும், ‘மிக்ஸ்’ என்றொரு மென்பொருள் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் இறுதியில் எக்ஸ் என்னும் எழுத்து மூன்று முறை வரும். தன்னார்வலர்கள் ஆக்கி இலவசமாக வழங்கும் அம்மென்பொருள் பழைய கண்ட்ரோலர்கள் பலவற்றுக்கு இன்றும் இடமளிக்கிறது. வாங்க எண்ணும் கருவியின் பெயர் அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

நிறுத்தப்பட்டவற்றுள் நல்லதற்கோர் எடுத்துக்காட்டு, பயனியர் டி.ஜே. 2018-இல் வெளியிட்ட டி.டி.ஜே. 400. எடை ஏறத்தாழ 2 கிலோ, யு.எஸ்.பி. வடத்திலிருந்தே மின்சாரம் பெறும். மைக் இணைக்கவும் வழியுண்டு. கணினியில் செருகியவுடன் ‘ரெக்கார்ட்பாக்ஸ்’ மென்பொருளின் கலக்கும் பகுதி தனிக்கட்டணமின்றித் திறக்கும். அதன் இடத்தைப் பின்னர் டி.டி.ஜே. எஃப்.எல்.எக்ஸ். 4 பிடித்தது. புதியது ரெக்கார்ட்பாக்ஸுடன் ‘செராட்டோ’ மென்பொருளுக்கும் பொருந்தும். பழையது முதன்மையாக ரெக்கார்ட்பாக்ஸுக்கென்றே அமைந்தது. பிள்ளை பழகியிருப்பது எந்த மென்பொருள் என்று கேட்டறிந்த பின்னரே இரண்டில் ஒன்றைத் தேர்தல் வேண்டும்.

‘சிறியது’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. டி.ஜே. ஆனவர் ஒரு பாட்டைக் கூட்டத்தாருக்குக் கேட்கவிட்டு, அடுத்த பாட்டைத் தம் காதில் மட்டும் கேட்டுச் சரிபார்க்கிறார். அதற்கு இரு வேறு ஒலிவழிகள் தேவை. அவற்றைத் தருவது கருவிக்குள் இருக்கும் ‘சவுண்ட் கார்டு’. மிகச் சிறிய கண்ட்ரோலர்கள் சிலவற்றில் அது கிடையாது. நியூமார்க்கின் முதல் டி.ஜே.2கோ அத்தகையது. 2019-இல் வெளியான டி.டி.ஜே. 200-லும் அது இல்லை. பிரிப்பு வடம் ஒன்றால் இடப்பக்க ஒலியைக் கூட்டத்துக்கும் வலப்பக்க ஒலியைக் காதுக்கும் பிரித்து அனுப்ப வேண்டும். வீட்டில் பழகுவதற்கு அது போதும். கூலி வாங்கிச் செய்யும் நிகழ்ச்சிக்குச் சவுண்ட் கார்டு உள்ள கருவியே ஏற்றது.

இனி, வாங்கச் செல்லும்போது செய்ய வேண்டியவை. எந்தக் கணினியில் பயன்படுத்தப் போகிறோமோ அதனையே உடன் கொண்டு செல்ல வேண்டும். விற்பவருடைய கணினியில் ஓடியது என்பது சான்றாகாது. முதல்நாள் இரவே நிறுவனத்தின் தளத்தில் அம்மாதிரிக்குரிய டிரைவர் எந்த இயங்குதளம் வரை பொருந்தும் எனப் பார்த்து, அதனை இறக்கி, ஒரு பிரதி சேமித்துக்கொள்ளல் நலம். கருவியைச் செருகியபின் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். குமிழ்களை மெல்லத் திருகுங்கள். கரகரவென்று ஒலித்தால் உள்ளே தூசியோ தேய்வோ உண்டு. கிராஸ்ஃபேடரை ஒரு கோடிக்குத் தள்ளியபின் மறுபக்கத்துப் பாட்டு கசிந்து கேட்டால் அது தேய்ந்துவிட்டது. யு.எஸ்.பி. வடத்தைச் செருகுவாயில் சற்றே அசையுங்கள். தொடர்பு அறுந்தால் வாங்க வேண்டாம். எல்லாம் சரியெனத் தோன்றினும் அரைமணி நேரம் பாடவிட்டுக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கெல்லாம் சலிப்படைய மாட்டார்.

சிலர் பழைய கணினி ஒன்றையும் சேர்த்து வாங்கி, இயங்குதளத்தை மாற்றாமல் அக்கருவிக்கென்றே ஒதுக்கி வைப்பர். அது நடக்கக்கூடிய வழியே. எனினும் முதுமையடைந்த இரண்டு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை மறவாதிருத்தல் வேண்டும். எது விழுந்தாலும் இரண்டும் விழும்.

விலையையும் இவ்வாறே எடைபோட வேண்டும். பழைய மாதிரிக்கும் இன்றைய புதிய மாதிரிக்கும் இடையே சிறிதளவே வேறுபாடு இருந்தால், உத்தரவாதத்துடன் புதியதை வாங்குவதே சிக்கனம். பாதி விலைக்கும் கீழே கிடைத்து, கணினி அதனை ஏற்று, மேற்கூறிய சோதனைகளிலும் தேறினால், பழையதைத் தயக்கமின்றி வாங்கலாம். மிச்சமாகும் தொகையில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும், உபரி யு.எஸ்.பி. வடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளட்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு எனச் சிலர் கேட்கலாம். ஒரு குடும்பம் தன் மகளின் திருமண வரவேற்பை நம்பி ஒப்படைக்கிறது. அந்த மாலை ஒருமுறையே வரும். மணமக்கள் மேடையேறும் வேளையில் பாட்டு நின்றுபோனால், கருவி பழையது என்ற சமாதானம் எவர் செவியிலும் ஏறாது. முன்பணம் வாங்கிய இளைஞனின் பெயரே கெடும். அடுத்த அழைப்பு வாராது. ஆகவே பிள்ளை கேட்கும்போது, “வேண்டாம்” என்று ஒரேயடியாய் மறுக்கவும் வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி வாங்கித் தரவும் வேண்டாம். “உன் கணினியில் இது ஓடுமா? இன்னும் மூன்றாண்டுகள் ஓடும் என்பதற்கு என்ன சான்று?” என்று கேளுங்கள். அவ்விரு வினாக்களுக்கும் தானே தேடி விடை கொண்டு வரும் பிள்ளையிடம் பணத்தை நம்பிக் கொடுக்கலாம்.