கடுகளவு நீல மணி

அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சிலது மிளகளவு, சிலது கடுகளவு. அதற்குள்ளும் நூல் கோக்க ஒரு துளை!

மணலை உருக்கிக் கண்ணாடியாக்கி, பாகு பதத்தில் இருக்கும்போதே மெல்லிய குழாயாக நீளமாக இழுப்பார்களாம். ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலோடு சேர்த்து மறுபடியும் சூடு காட்டினால், கூர்முனை மழுங்கி மணி தயார். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதெல்லாம் நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அதற்கும் முன்பே, 1930-களில், ஊர்க் குழந்தைகள் பொறுக்கி வந்ததை ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் காசு கொடுத்து வாங்கினாராம். பிள்ளைகள் கண்ணுக்குத்தானே பொடிசு முதலில் படும்?

அது எனக்கு நன்றாகவே புரிந்தது, போன மாதம்.

அருங்காட்சியகம் பார்த்த ஆசையில் ஒரு பொட்டலம் பாசிமணி வாங்கி வந்து, தாம்பாளத்தில் கொட்டிக் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்று வயசுப் பேத்தி பக்கத்தில். அடுப்பில் பால் பொங்கிற்று, எழுந்து போய்த் திரும்புவதற்குள், "ஆயா, மூக்குல மணி!" என்கிறாள், ஏதோ சாதித்தவள் மாதிரி.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். கொண்டை ஊசியை எடுத்து நெம்பினேன்! எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மணி உள்ளே போயே போய்விட்டது. என் மகள், "ஏம்மா, சும்மா இருக்கக் கூடாதா?" என்று கத்த, குழந்தை வீறிட, ஆட்டோ பிடித்து ஓடினோம்.

டாக்டரம்மா பதறவில்லை. மகளை விட்டே எடுக்க வைத்தார். மணி இல்லாத மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து, குழந்தையின் வாயோடு தன் வாயை இறுகப் பொருத்தி, 'ஃபூ' என்று ஒரே ஒரு ஊதல். இரண்டாம் தடவை மணி வெளியே வந்து விழுந்தது! பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இதிலேயே வந்துவிடுமாம். ஆனால் ஊசி, குச்சி, விரல் எதுவும் கூடாது. உள்ளே தள்ளினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடலாம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், உள்ளே ஏதாவது இருக்கிறதோ என்று சந்தேகப்படச் சொன்னார்.

பாசிமணியாவது பரவாயில்லை. கடிகாரம், பொம்மையில் போடுகிற பொத்தான் பாட்டரி மூக்கிலோ தொண்டையிலோ சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். வீட்டில் ஊதிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டாக ஊதுகிற ஜெல்லி மணி இருக்கிறதே, ஜவ்வரிசி போல, அதை விழுங்கினால் குடலிலும் ஊதி அடைத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. பூ ஜாடிக்கு அழகுதான். கைக்குழந்தை உள்ள வீட்டில் வாங்கவே வாங்காதீர்கள்.

அந்த நீல மணியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார் டாக்டரம்மா. கழுவி, மாலையின் நடுவில் கோத்துவிட்டேன். மாலை இப்போது பரணில் இருக்கிறது, மூடி இறுகிய சம்படத்தில்.