பெயருக்கு ஒரு விலை

பொது ஜனங்களின் சொத்து எது, கம்பெனிக்காரரின் சொத்து எது என்ற வினா நமக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு மலைப் பள்ளத்தாக்கின் பெயரே ஒரு வியாபாரியின் பெட்டிக்குள் அடைபடக் கூடுமென்று நேயர்களிற் பலர் நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது நடந்தேறியது.

காலிபோர்னியாவிலுள்ள யோஸெமிட்டி பள்ளத்தாக்கை 1864-ஆம் ஆண்டில், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே, ஆப்ரகாம் லிங்கன் பொதுஜன உபயோகத்திற்கென்று ஒதுக்கிக் கையொப்பமிட்டார். 1890-இல் அப் பிரதேசம் தேசீயப் பூங்காவாயிற்று. அங்கே விடுதி, உணவுச்சாலை, ஞாபகப் பொருட்கடை முதலியவற்றை நடத்தும் உரிமையை ஸர்க்கார் ஒப்பந்தத்திற்கு விடுவது வழக்கம். 1990-இன் இறுதியில் ஒப்பந்தக் கம்பெனியின் உடைமையாளரை ஒரு ஜப்பானியக் கம்பெனி விலைக்கு வாங்கப் புகுந்தபொழுது, நமது பூங்கா அந்நியர் கைக்குப் போவதாவென்று அந்நாட்டில் பெருங் கூச்சல் எழுந்தது. ஒப்பந்தம் கைமாறி, 1993-இல் பபலோ நகரத்து டெலவேர் நார்த் கம்பெனியிடம் வந்தது. சுதேசிக் கம்பெனியென்று யாவரும் நிம்மதியாய் உறங்கினர். அவ்வுறக்கத்திலேதான் காரியம் நடந்தது. அவானி ஹோட்டல், கரி வில்லேஜ் முதலிய பெயர்களைக் கம்பெனி தனது டிரேட் மார்க்குகளாகப் பதிவு செய்துகொண்டது. சட்டை முதலிய ஞாபகப் பொருள்களில் 'யோஸெமிட்டி தேசீயப் பூங்கா' என்று பொறிக்கும் உரிமையும் அப் பதிவுகளில் அடங்கும்!

2015-இல் ஒப்பந்தம் அராமார்க் என்ற வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. உடனே பழைய கம்பெனி, பெயர்கள் முதலிய கண்ணுக்குப் புலனாகாத சொத்துக்களுக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர் பெறுமென்று வழக்குத் தொடுத்தது. ஸர்க்கார் மதிப்போ 35 லட்சம். 1993-இல் முந்திய கம்பெனியின் சொத்துக்களை நாங்கள் விலை கொடுத்தே வாங்கினோம், அடுத்து வருவோரும் அவ்வாறே வாங்கல் வேண்டும் என்பது அக் கம்பெனியின் வாதம். இவ்வாதத்தை முற்றும் தள்ளிவிடுவதற்கில்லை. ஒப்பந்தம் எழுதியது ஸர்க்கார். இன்னின்ன பெயர் நாட்டிற்குரியது என்று அன்றே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் வழக்கிற்கே இடமிராது. காவற்காரன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கள்வனை மட்டும் நொந்து என்ன பயன்?

ஒரு சட்டை, ஒரு கோப்பை. இவற்றிற்கா இத்துணைச் சண்டை என்று சிலர் நகைக்கலாம். யாத்திரிகர் கோப்பைக்காகக் கோப்பை வாங்குகிறாரில்லை. அதன்மேலுள்ள பெயருக்காகவே வாங்குகிறார். அப் பெயருக்கு மதிப்பைத் தந்தவை கருங்கற் சிகரங்களும், நீர்வீழ்ச்சிகளும், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காக்கக் குடிகள் செலுத்திய வரியுமே. கம்பெனி தந்தது கோப்பை ஒன்றுதான்.

அவானி என்னும் சொல்லோ கம்பெனியுடையதுமன்று, ஸர்க்காருடையதுமன்று. (நமது 'அவனி'யோடு ஒலியொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.) அப் பள்ளத்தாக்கின் பூர்விக மக்கள் தங்கள் இருப்பிடத்திற்கு வழங்கிய பெயர் அது. 1851-இல் மாரிப்போஸா படையினர் புகுந்து, தெனாயா என்ற தலைவனையும் அவன் மக்களையும் அங்கிருந்து துரத்தினர். துரத்தியவர்களே பள்ளத்தாக்கிற்கு யோஸெமிட்டி என்று பெயரிட்டனர். துரத்தப்பட்டவர்களின் சொல் 1927-இல் திறந்த ஒரு செல்வர் விடுதிக்கு அலங்காரமாயிற்று. பெயரைப் பறிகொடுத்த துயரம் பற்றி 2016-இல் வெள்ளையமெரிக்கர் வருந்தியபொழுது, அவ்வருத்தம் அவ்விடத்தில் முதல் முறையன்று என்பதை எத்தனை பேர் நினைத்தனரோ!

அவ்வாண்டு மார்ச்சு 1-ந் தேதி அவானி, 'மெஜஸ்டிக் யோஸெமிட்டி ஹோட்டல்' ஆயிற்று. கரி வில்லேஜ் 'ஹாப் டோம் வில்லேஜ்' ஆயிற்று. மூன்றாண்டுகளுக்கு மேல் இக் கோலம் நீடித்தது. 2019 ஜூலையில் வழக்கு ராஜியாயிற்று. கம்பெனிக்குக் கிடைத்தது 1 கோடியே 20 லட்சம் டாலர். அதில் 81 லட்சத்து 60 ஆயிரம் அராமார்க் கொடுத்தது. எஞ்சிய 38 லட்சத்து 40 ஆயிரம் ஸர்க்கார் கொடுத்தது, அதாவது குடிகள் கொடுத்தது. பழைய பெயர்ப் பலகைகள் திரும்ப ஏறின. அராமார்க்கின் ஒப்பந்தம் முடியும்பொழுது டிரேட் மார்க்குகள் விலையின்றிப் பூங்காவைச் சேரும் என்பது ஏற்பாடு. உடன்படிக்கையில் கட்சிக்காரராயிருந்தோர் ஸர்க்காரும் இரு கம்பெனிகளுமே. தெனாயாவின் மக்கள் அதில் இல்லை.