நரம்பை வெட்டினா கால் விளங்காமப் போயிடுமா? வெரிகோஸ் ஆபரேஷன் பற்றி ஒரு நீண்ட இழை

போன வாரம் ஓபி-யில் ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். மேலூர் பக்கம் கிராமம். நடவு, களையெடுப்புன்னு வாழ்க்கை முழுக்க வயல்தான். இடது கரண்டைக்கு மேலே, உள்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்குப் புண். சுத்தியும் தோல் கறுத்து, தொட்டா மரக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"அது கெடக்கு தம்பி, மூத்தவ கல்யாணத்தப்ப வந்தது. ஆறும், திரும்ப வரும்."

மூத்த மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சாம். ஏன் ஆபரேஷன் பண்ணிக்கலைன்னு கேட்டேன். "நரம்ப வெட்டிப்புட்டா கால் வெளங்காமப் போயிரும்னு சொன்னாக."

அதே நாள், அரை மணி நேரம் கழிச்சு ஒரு பரோட்டா மாஸ்டர். நாற்பதைத் தொடலை. ரெண்டு கெண்டைக்காலிலும் புடைச்ச சிரைகள், வலது கரண்டையில் தோல் கறுக்க ஆரம்பிச்சிருக்கு. அவருக்குப் பயம் எல்லாம் இல்லை. ஒரு இடத்தில் லேசர் பண்ண ஒரு காலுக்கு எழுபதாயிரம் கேட்டிருக்காங்க. வீட்டுக்காரம்மா நகையை அடகு வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டார். "கவர்மென்ட்ல பழைய முறையில கிழிச்சு எடுப்பாங்களாம் சார், லேசர்தான் திரும்ப வராதாம்."

(அடையாளம் தெரியக் கூடாதுன்னு இருவரின் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

அந்த அம்மா பயந்து ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டதும் தப்பு. இவர் லேசருக்காக நகையை வைக்கப் போறதும் தப்பு. வெரிகோஸில் எந்த முறை என்பதைவிட, எப்போது செய்றோம் என்பதுதான் காலைக் காப்பாத்தும். நான் சர்ஜன் இல்லை, எம்.பி.பி.எஸ். ஆபரேஷன் பண்றவர் வேற. ஆனா பண்ணாம விட்ட கால்களுக்குக் கட்டுப் போடறது எங்களை மாதிரி ஆட்கள்தான். அந்த உரிமையில் எழுதறேன்.

முதல்ல பெயர். "நரம்பு சுருட்டல்"னு சொல்றோம் பாருங்க, பாதிப் பயம் அந்தப் பெயரில்தான் இருக்கு. தமிழ்ல பேச்சு வழக்கில் ரெண்டு வேறு பொருளுக்கு ஒரே சொல்லை வச்சிருக்கோம். டிரிப்ஸ் போடும்போது "நரம்பு கிடைக்கலை"ன்னு நர்ஸ் சொல்றது ரத்தக்குழாயை. "நரம்புத் தளர்ச்சி"ன்னு சொல்லும்போது வர்றது மூளையிலிருந்து சேதி கொண்டு போற நரம்பை. வெரிகோஸில் சுருண்டு கிடப்பது முதல் வகை. அதுக்கு சரியான பெயர் சிரை, அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய். அதை எடுத்தா கால் விழாது.

இன்னும் சந்தேகமா? இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் பண்ணினவங்க உங்க தெருவிலேயே ஒருத்தராவது இருப்பாங்க. காலைப் பாருங்க, உள்பக்கம் நீளமா தழும்பு இருக்கலாம். அங்கிருந்து எடுத்த சிரையைத்தான் இதயத்தில் ஒட்டுப் போட்டிருக்காங்க. வெரிகோஸில் பெரும்பாலும் கெட்டுப்போறதும் அதே சிரைதான், சஃபீனஸ்னு பெயர். அது போனபிறகும் அவர் காலையில் டீக்கடைக்கு நடந்து வர்றாரா இல்லையா?

எப்படி நடக்க முடியுதுன்னா, காலிலிருந்து மேலே போற ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்குள்ளே இருக்கிற ஆழ்சிரைகள் வழியா போகுது. தோலுக்குக் கீழே தெரியறது கிளைப் பாதை. ரத்தம் கீழே இறங்க இதயம் தள்ளுது. மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சிரையைப் பிழியும். பிழிந்த ரத்தம் திரும்ப இறங்காம இருக்க, சிரைக்குள்ளே வழி நெடுக வால்வுகள் இருக்கு. தொடை இடுக்கில் சஃபீனஸ் சிரை ஆழ்சிரையோடு சேர்ற இடத்து வால்வு கசிய ஆரம்பிச்சா, மேலே போன ரத்தம் ஷட்டர் பழுதான வாய்க்கால் மாதிரி திரும்பக் கீழே வரும். சிரை புடைக்கும், கால் கனக்கும், சாயங்காலம் வீங்கும், ராத்திரி குரக்களி இழுக்கும். வருஷக்கணக்கில் அந்த அழுத்தம் கரண்டையில் உட்கார்ந்தா ரத்த அணுக்கள் தோலுக்குள் கசிந்து, இரும்புக் கறை மாதிரி கறுப்பு படியும். அரிப்பு வரும். சொறிவோம். ஒரு நாள் கொசு கடிச்ச இடமோ, வரப்பில் உரசின இடமோ ஆறாது. அதுதான் புண்.

தோல் கறுக்க ஆரம்பிச்சதுன்னா அதுதான் எச்சரிக்கை. அந்த மாஸ்டர் இப்போ நிற்கிற இடம் அது. அந்த அம்மா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நின்ற இடமும் அதுவே.

இனி முறைகள்.

பழைய அறுவை: முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பாங்க. தொடை இடுக்கில் சின்னதா கீறி, கசியற சேர்மானத்தைக் கட்டிடுவாங்க. பிறகு அந்தச் சிரையை முழங்கால் வரைக்கும் உள்ளேயே ஒரு கம்பியில் கோர்த்து உருவி எடுப்பாங்க. முழங்காலுக்குக் கீழே பொதுவா உருவறதில்லை, ஏன்னா அங்கே தோல் உணர்ச்சிக்கான நரம்பு (இது நிஜமாவே நரம்பு) ஒட்டியே ஓடுது. கீழே புடைச்சு நிற்கிற கிளைகளை ரெண்டு மூணு மில்லிமீட்டர் துளைகள் வழியா எடுப்பாங்க. "கிழிச்சு எடுப்பாங்க"ன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்லை. அன்னைக்கோ மறுநாளோ நடக்க வைப்பாங்க, நடந்தே ஆகணும். ரத்தம் கட்டி தொடை நீலமாகும், சில வாரம் வலி இருக்கும், சிலருக்குக் காயத்தில் சீழ் பிடிக்கும், சிலருக்குத் தோல் மரத்திருக்கும். இது 1900-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிற ஆபரேஷன். கட்டற வேலை அதுக்கும் முன்னாடி, 1890-களில் ஜெர்மனியின் டிரெண்டெலன்பர்க் செய்தது.

லேசர்: சிரையை எடுக்கறதில்லை, உள்ளேயே சுட்டு மூடறாங்க. ஸ்கேன் பார்த்துக்கிட்டே முழங்கால் பக்கம் ஊசி வழியா மெல்லிய இழையை உள்ளே விட்டு, சிரையைச் சுத்தி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஏற்றி, வெப்பம் கொடுத்துக்கிட்டே இழுப்பாங்க. ஒரு மணி நேரத்தில் நடந்து போயிடலாம். ரேடியோ அலை முறையும் இதே வேலைதான், வெப்பம் வர்ற வழி வேற. பெரிய வெட்டு இல்லை, வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இதெல்லாம் உண்மையான லாபம், மறுக்கலை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வெப்ப முறைக்குத்தான் முதலிடம், அடுத்து ஃபோம், அதுவும் பொருந்தலைன்னா அறுவை. ஆனா சிரை ரொம்ப வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா இழை உள்ளே போகாது. கிளைகளுக்குத் தனியா ஏதாவது செய்ய வேண்டியும் வரும்.

ஃபோம் என்றால் மருந்தைக் காற்றோடு நுரையாக்கி ஊசி போடுவது. மலிவு, ஆனா திரும்பத் திரும்பப் போட வேண்டி வரலாம். பசை வச்சு ஒட்டற முறையும் வந்திருக்கு, விலை அதிகம்.

மாஸ்டர் கேட்டது: லேசர்னா திரும்ப வராதா? வரும். எந்த முறையிலும் வரும். ஒரு சிரையை மூடினா இன்னொரு சிரை பழுதாகக் கூடாதுன்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. பிரிட்டனில் 798 பேரை லேசர், ஃபோம், அறுவை எனப் பிரிச்சு அஞ்சு வருஷம் பின்தொடர்ந்தாங்க. 2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. கால் தொந்தரவு விஷயத்தில் லேசரும் அறுவையும் கிட்டத்தட்ட ஒரே நிலை, ஃபோம் கொஞ்சம் பின்னால். அதாவது முதல் சில வாரம் லேசர்காரர் சுகமா இருப்பார். அஞ்சாம் வருஷம் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பாங்க.

அதனால என் கருத்து: லேசர் இலவசமா, காப்பீட்டில், அல்லது கையில் இருக்கிற காசில் கிடைச்சா தாராளமா பண்ணிக்கோங்க. கிடைக்கலைன்னா அரசு மருத்துவமனையில் பண்ற அறுவையை இரண்டாந்தரம்னு நினைச்சு வட்டிக்கு வாங்காதீங்க. வட்டி கட்ட அதே பரோட்டாக் கல் முன்னாடி இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா நிற்க வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவுக்கு வருவோம். "புண் ஆறட்டும், பிறகு ஆபரேஷன் பார்க்கலாம்"னு நாமே, டாக்டர்களே, ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு இருந்தோம். நானும் சொல்லியிருக்கேன். 2018-ல் வந்த ஈவ்ரா ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. 450 நோயாளிகள், எல்லாருக்கும் முறையான அழுத்தக் கட்டு. ஒரு பாதிப் பேருக்குப் புண் இருக்கும்போதே, ரெண்டு வாரத்துக்குள்ளே, கசியற சிரையை மூடினாங்க. மறு பாதிக்குப் புண் ஆறும் வரை அல்லது ஆறு மாசம் காத்திருந்தாங்க. சீக்கிரம் மூடினவங்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறிடுச்சு. காத்திருந்தவங்களுக்கு 82 நாள். அதுக்கு முன்னாடியே, 2004-ல், இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு: வெறும் கட்டு மட்டும் போட்டவங்களில் நூறில் 28 பேருக்கு ஒரு வருஷத்தில் புண் திரும்ப வந்தது. கட்டோட அறுவையும் பண்ணினவங்களில் 12 பேருக்குத்தான். அந்த அறுவை லேசர் இல்லை, நம்ம "பழைய முறை"தான்.

தினமும் கட்டு மாத்திட்டுப் போறது வைத்தியம் பார்க்கற மாதிரி தோணும். குழாய் ஒழுகுது, நாம தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்கோம். ஒன்பது வருஷமா துடைச்சிருக்கோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒண்ணு மட்டும் கட்டாயம்: டாப்ளர் ஸ்கேன். எந்த வால்வு கசியுது, ஆழ்சிரை திறந்திருக்கா, பழைய ரத்தக்கட்டி அடைச்சிருக்கான்னு அதில்தான் தெரியும். ஆழ்சிரை அடைபட்டு, மேல் சிரைதான் மாற்று வழியா ஓடிக்கிட்டு இருந்தா, அதையும் மூடினா கால் மோசமாகும். கத்தியோ லேசரோ, டாப்ளர் பார்க்காம தேதி கொடுத்தா "ஸ்கேன் வேண்டாமா சார்?"னு கேளுங்க. தாலுகா அளவில் வாரத்தில் ஒரு நாளாவது கால் சிரைக்கு டாப்ளர் பார்க்கிற ஏற்பாடு வேணும்னு நான் ரொம்ப நாளா பேசிக்கிட்டு இருக்கேன். ஒரு ஸ்கேனுக்காக ஒரு நாள் கூலியை விடணும்னா அந்த அம்மா வரமாட்டாங்க.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சிலந்தி வலை மாதிரி நீலக் கோடு மட்டும் இருக்கு, வலியில்லை, வீக்கமில்லைன்னா விடுங்க. கர்ப்பத்தில் வந்தது பிரசவத்துக்குப் பிறகு நிறைய பேருக்குக் குறையும். கனம், வீக்கம், கறுப்பு, புண், ரத்தம் வடிதல், இதில் ஏதாவது இருந்தா பார்க்கணும். அழுத்த ஸ்டாக்கிங்ஸ் உதவும், ஆனா சித்திரை வெயிலில் மேலூரில் அதை எட்டு மணி நேரம் போடச் சொல்றதுக்கு எனக்கே வெட்கமா இருக்கு. சர்க்கரை, புகைப் பழக்கம் உள்ளவங்க சுத்த ரத்த ஓட்டத்தைச் சோதிக்காம இறுக்கக் கட்டவும் கூடாது.

ஒரு அவசர விஷயம். புடைச்ச சிரை வெடிச்சு ரத்தம் பீய்ச்சினா பயந்து ஓடாதீங்க, நாற்காலியில் உட்காரவும் வேண்டாம், தொடையில் கயிறு கட்டவும் வேண்டாம். உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாம அழுத்துங்க. அப்படியே 108 கூப்பிடுங்க. உட்கார்ந்தே இருந்து ரத்தம் போய் இறந்தவங்க உண்டு. அதே மாதிரி ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அது வெரிகோஸ் இல்லாம ஆழ்சிரை அடைப்பா இருக்கலாம், அன்னைக்கே வாங்க.

நிற்கிற வேலைதான் காரணமான்னு கேட்பீங்க. அது மட்டும் இல்லை. பரம்பரை, பிரசவங்கள், வயசு, எடை எல்லாம் சேரும். ஆனா நின்னுக்கிட்டே இருந்தா கெண்டைக்கால் பிழியாது, கசியற வால்வுக்கு அது தண்டனை. 2021 செப்டம்பரில் நம்ம சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு கொண்டு வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துடுச்சு. அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போனா கவுன்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னு பாருங்க. ஸ்டூல் இருந்தா, அதில் உட்கார விடறாங்களான்னும் பாருங்க.

மாஸ்டரை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவரிடம் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தா எடுக்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட போங்க, எந்த முறைக்கு அனுமதி கிடைக்கும்னு அங்கே காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கு.

அந்த அம்மாவிடம் பைபாஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எங்க கொழுந்தனாருக்கு அப்படித்தான் கால்ல கிழிச்சு நெஞ்சுல வச்சாக. இப்பயும் சைக்கிள்ல போறாரு"ன்னாங்க. அறுப்பு முடிஞ்சு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அறுப்புக்கு முன்னாடியே வாங்கன்னு சீட்டில் தேதி எழுதி, மருமகன் நம்பரையும் வாங்கி வச்சிருக்கேன்.