தங்கமும் கந்தகமும், எங்கள் ஊர்க் கிணறும்

பிரெஞ்சு மொழியில் தங்கத்துக்கு ‘ஓர்’ என்று பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். வேதியியல் வாத்தியாரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கரும்பலகையில் ‘ஓர்’ என்று எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒருவன், “ஓர் என்ன முசே, ஓர் ஆடா, ஓர் ஆனையா?” என்று தமிழில் கேட்டுவிட்டு அந்த மணி முழுவதும் வெளியே நின்றான்.

அன்றைய பாடம் இன்னும் நினைவிருக்கிறது. தங்கம் பெரிய இடத்துப் பிள்ளை, யாரோடும் சேராது, ராஜ திராவகம் ஒன்றுதான் அதைக் கரைக்கும். முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப் போகும், காரணம் முட்டையில் இருக்கிற கந்தகம். தங்கக் கரண்டியானால் கறுக்காது என்றார் முசே. எங்களில் ஒருவன் வீட்டிலும் வெள்ளிக் கரண்டியே கிடையாது, அது வேறு விஷயம்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் இதை அப்படியே நம்பியிருந்தேன். போன கோடையில்தான் அது பாதிதான் சரி என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ள வைத்தது ஒரு கிணறு.

களமருதூர் என் மனைவியின் ஊர். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டோம். மைத்துனர் வயலில் கல்கட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது. வீட்டில் குழாய் இருந்தாலும் என் மாமியாருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் தண்ணீர். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த கூலியாள் மருந்து டேங்கைக் கிணற்று மேட்டிலேயே கழுவிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஓர் ஆடு செத்தது. மருந்தால்தான் செத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கிணற்றடியில் அந்தப் பூண்டு நாற்றம் இருந்தது.

“மாமா, நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, நீங்களே போயிட்டு வாங்க” என்றார் மைத்துனர். தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சோதனைக்குப் போனேன். பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தால் பூச்சிமருந்து பார்க்க முடியாது, கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம்தான். கண்ணாடியில் கொண்டுபோனேன். அறிக்கை வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு மழை பெய்து கிணறு நிறைந்துவிட்டது. ‘கண்டறியப்படவில்லை’ என்று ஒரு வரி. எந்தத் தேதித் தண்ணீருக்கு அந்தப் பதில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கோப்புகளை இதே வேகத்தில் நகர்த்திச் சம்பளம் வாங்கியவன்தானே நானும் என்ற கூச்சம் தடுத்தது.

சென்னையில் வேதியியல் படிக்கும் பேத்தியிடம் புலம்பினேன். அவள்தான் சொன்னாள்: “தாத்தா, இதுக்குத் தங்கத்திலேயே ஒரு வழி இருக்கு.”

வழி இதுதான். தங்கத்தை மிக மிகச் சிறிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதைச் செய்து காட்டினார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இருபது நானோமீட்டர் துகளில் சுமார் இரண்டரை லட்சம் தங்க அணுக்கள் இருக்கும். துகள்கள் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீலம். கர்ப்பம் பார்க்கும் அட்டையிலும், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அட்டையிலும் வந்த சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான்.

முசே சொன்னதில் தவறிய பாதி கந்தகம். தங்கம் வெள்ளியைப் போலக் கறுத்துப் போகாது என்பது சரி. ஆனால் ஒரு மூலக்கூறின் நுனியில் கந்தகம் இருந்தால், அந்த நுனியால் தங்கத்தின் மேல் பரப்பில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 1983-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருவர் இதைக் காட்டினார்கள். 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், தங்கத் துகளுக்குக் கந்தக நுனி மூலக்கூறுகளால் சட்டை போட்டுவிடும் முறை வந்தது. எந்தச் சட்டை போடுகிறோமோ அதற்கேற்ற வேலையைத் துகள் செய்யும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். மாலத்தியான், குளோர்பைரிபாஸ், எண்டோசல்ஃபான் மூன்றிலும் கந்தகம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் த. பிரதீப்பும் மாணவர்களும் 2003-லேயே எண்டோசல்ஃபான் பட்டால் தங்கக் கரைசலின் நிறம் மாறுவதைக் காட்டினார்கள். 2009-இல் குளோர்பைரிபாஸ், மாலத்தியானை நூறு கோடிக்குச் சில பத்துப் பங்கு என்ற அளவிலும் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார்கள். இத்தகைய துகள்கள் சில நச்சுகளை உடைக்கவும் செய்யும், அதை வைத்து 2007-இல் வடிகட்டி கடைக்கே வந்தது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாராட்டு வந்துவிட்டது. சோதனை அட்டை களமருதூருக்கு வரவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

விலை என்று யாரும் சொல்ல வேண்டாம். குமாஸ்தா கணக்கு ஒன்று போட்டேன். இந்தச் சிவப்புக் கரைசல் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் தங்கம் போதும். ஒரு பவுனில் 160 லிட்டர். ஒரு சோதனைக்கு ஒரு மில்லி என்றால் 1,60,000 சோதனை. தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சோதனைக்கு ஆகும் தங்கம் 50 பைசா. ஒரு கல்யாணத்தில் நாம் போடும் பவுனில் மாவட்டம் முழுக்கக் கிணறு பார்த்துவிடலாம்!

பேத்தி உடனே என் வேகத்தைக் குறைத்தாள். உப்புத் தண்ணீர் பட்டாலே வெறும் தங்கக் கரைசல் நீலமாகிவிடுமாம். நம் ஊர்க் கிணறுகள் எத்தனை உப்பு என்று பருப்பு வேகவைக்கிற பெண்களைக் கேளுங்கள். மருந்தே இல்லாத கிணற்றையும் மருந்து என்று காட்டிவிடும். உப்புக்கு அசையாமல் மருந்துக்கு மட்டும் அசையும்படி சரியான சட்டை போட வேண்டும், அதுதான் பாக்கி வேலை. இன்னொன்று, மோனோகுரோட்டோபாஸில் கந்தகமே இல்லை. 2013-இல் பீகாரில் பள்ளிச் சாப்பாட்டில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது அந்த மருந்துதான். அதற்கு இந்த வழி உதவாது, வேறு வழி தேட வேண்டும். ஆக, இது நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று சொல்லும், அவ்வளவுதான். எனக்கு அன்று அது போதுமாக இருந்திருக்கும்.

2003-இல் டெல்லியில் ஓர் அமைப்பு பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருப்பதைச் சொன்னதும் நாடே கொதித்தது. உடனே விதி கடுமையானது: எந்த மருந்தும் ஒரு கோடி லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. காசு கொடுத்துக் குடிப்பவருக்கு அத்தனை காவல். கிணற்றில் மொண்டு குடிப்பவருக்குக் கேட்பாரில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. அவர்கள் பெட்டியில் உப்பு, இரும்பு, ஃபுளோரைடு, குளோரின் எல்லாம் பார்க்கலாம். பூச்சிமருந்துக்கு அதில் இடம் இல்லை. ஆள் இருக்கிறார்கள், பெட்டி இருக்கிறது, ஓர் அட்டை சேர்த்தால் போதும். முதலில் நம் மாவட்டத்துக் கிணற்று நீரை வைத்தே அதைச் சரிபார்த்துத் தரட்டும். கல்வராயன் மலையடியில் ஒரு நீர், எங்கள் பக்கம் வேறு நீர், இரண்டிலும் தேறினால் எங்கும் தேறும்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், பழைய பழக்கத்தில் ‘பார்வை’, ‘பொருள்’ எல்லாம் போட்டு. வேறு ஊர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமானால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நகல் தருகிறேன். மாமியாரிடம் படித்துக் காட்டினேன். காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இதையா கரைக்கப் போறீங்க?” என்றார்.