ஒத்தவாடைத் தெரு இன்ஷூரன்ஸ்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஒத்தவாடைத் தெரு. இத்தாலிய பாஸ்தா, காஷ்மீர் சால்வை, சர்ஃபிங் பலகை, கருங்கல் பிள்ளையார் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஸ்கூட்டரும் கிடைக்கும், வாடகைக்கு. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு சாவியை வாங்கிக்கொண்டு கிளம்ப ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ரேஷன் கார்டில் ஒரு பேர் சேர்க்க நாயாய் அலைந்தவர்களுக்கு இந்த வேகம் பொறாமையாகத்தான் இருக்கும்.

அந்த ஸ்கூட்டர்களின் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை போர்டு, கறுப்பு எழுத்து. அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு எடுத்தவரே ஓட்டிக்கொண்டு போகிற வண்டி என்றால், கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும் என்பது சட்டம். கோவா போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஒத்தவாடைத் தெருவில் கடைசியாக நான் நடந்த அன்றைக்கு அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

'நாலு பேர் பிழைக்கிறான், வெளிநாட்டுக்காரன் நாலு காசு செலவு பண்றான். உங்களுக்கு ஏன் சார் வயித்தெரிச்சல்?' என்று கேட்பீர்கள். எனக்கு அவர்கள் மேல் எரிச்சல் இல்லை. அந்த ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார்களே ஒரு காகிதம், அதன் மேல்தான்.

ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். 'இன்ஷூரன்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு சார், ஃபுல் கவர்' என்றார். பொய் சொல்லவில்லை. பாலிசி நிஜம், கட்டிய பிரீமியம் நிஜம், தேதியும் தாண்டவில்லை. ஆனால், அதே பாலிசியில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. இரண்டு, ஓட்டுபவரிடம் அந்த வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஒத்தவாடைத் தெருவில் சாவி கை மாறும்போதே முதல் நிபந்தனை காலி. இரண்டாவதும் பெரும்பாலும் காலிதான்.

அது எப்படி? வெளிநாட்டிலிருந்து வருபவர் இங்கே ஓட்டுவதற்கு அவருடைய நாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. 1949-ஆம் வருஷ ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுக்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கூடவே வேண்டும். பாஸ்போர்ட் மாதிரி சின்னப் புத்தகம், ஒரு வருஷம் செல்லும். உள்ளே A, B என்று கட்டங்கள் இருக்கும். A என்றால் மோட்டார் சைக்கிள். B என்றால் கார். ஊரில் கார் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரம்மா அந்தப் புத்தகத்தோடு வந்தால், முத்திரை B-யில்தான் இருக்கும். ஸ்கூட்டரைப் பொறுத்தவரை அவர் லைசென்ஸ் இல்லாதவர். அந்தக் கட்டத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'மேடம், உங்களுக்கு வண்டி கிடையாது' என்று சொல்லும் கடைக்காரரை எனக்குக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டிபுலம், தேவனேரி பக்கம் ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாலைக்குக் கிழக்கே குப்பம், மேற்கே கடை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம். நாளைக்கு நாலு தடவை அந்தச் சாலையைக் கடக்காமல் பிழைப்பு ஓடாது. மீன் கூடையோடு கடக்கிற ஒரு பெண்மணி. வயது 35. மாதம் 12,000 ரூபாய் வருமானம். அவரை நம்பி வீட்டில் நாலு பேர். மூன்று நாளைக்கு முன்னால்தான் இந்தியாவுக்கு வந்து இறங்கிய, சாலையின் வலது பக்கம் ஓட்டியே பழகிய ஒருவர், வாடகை ஸ்கூட்டரில் வந்து மோதிவிடுகிறார். அந்த அம்மா பிழைக்கவில்லை.

நான் பி.காம் படித்தவன். இலக்கியம் எழுத வராது, கணக்குப் போட வரும். விபத்து இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த ஒரு சூத்திரம் இருக்கிறது. மாத வருமானம் 12,000. சுயதொழில், நாற்பது வயதுக்குக் கீழே என்பதால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டும். 16,800. அவருடைய சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. வருஷத்துக்கு 1,51,200. முப்பத்தைந்து வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 24,19,200 ரூபாய். ஈமச் செலவு வகையறா தனி.

இந்த 24 லட்சத்தை யார் தருவது?

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் செங்கல்பட்டு தீர்ப்பாயத்தில் எழுந்து, 'கனம் நீதிபதி அவர்களே, வண்டியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. நாங்கள் பொறுப்பல்ல' என்பார். சட்டம் அவருக்கு அந்த வாதத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் நீதிமன்றங்கள் ஏழைகளை அப்படியே கைவிட்டுவிடவில்லை. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி ஓனரிடம் வசூல் செய்துகொள்ளட்டும். பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி சம்பந்தப்பட்ட 2018-ஆம் வருஷ வழக்கு ஒன்றிலும் இதே மாதிரிதான் உத்தரவானது. நல்ல தீர்ப்புகள். ஆனால், இதற்காக வாதாட வேண்டும், காத்திருக்க வேண்டும், மேல்முறையீடு வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

வசூல் யாரிடம்? அந்தக் கடைக்காரரிடம்தான். நாளைக்கு 400 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், 24,19,200 ரூபாய் சம்பாதிக்க அந்த ஸ்கூட்டர் 6,048 நாள் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மழை, புயல் எதற்கும் லீவு விடாமல் பதினாறரை வருஷம். கடன் வாங்கி நாலு வண்டி போட்ட பையனுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருக்கிறார்களா? 'ஃபுல் கவர்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டிய வெளிநாட்டுக்காரருக்கும் ஒன்றும் இல்லை. அவர் காலும் முறிந்திருக்கலாம். பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஓனர் ஓட்டினால் மட்டும்தான். வண்டியை இரவல் வாங்கியவர் ஓனரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரிலிருந்து டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்து வந்திருப்பாரே என்றால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் கிடையாது என்ற வரி பெரும்பாலும் அதிலும் இருக்கும்.

ஆக, விபத்து நடந்தால் மூன்று பேருமே தெருவில். நடக்காதவரை எல்லோருமே சந்தோஷம். பிரீமியம் வாங்கியவர்கள் இன்னும் சந்தோஷம்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமர்ஸ் மாணவர்களுக்குப் பத்து மார்க் கேள்வி ஒன்று நிச்சயம் வரும்: 'இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் உச்சபட்ச நல்லெண்ணத்தின் அடிப்படையிலானது - விளக்குக.' விளக்கி எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். எடுப்பவர், கொடுப்பவர் இரண்டு பேருமே எதையும் மறைக்கக் கூடாது என்பது தத்துவம். ஒரே ஆள் பெயரில் ஏழு ஸ்கூட்டர், ஏழுக்கும் 'சொந்த உபயோகம்' என்று பாலிசி போட்டுக் கொடுத்தால் அது என்ன எண்ணம்? பத்துத் தலை இராவணனுக்கே ஒரு புஷ்பக விமானம்தான் இருந்தது. ஒரு ஆள் ஏழு ஸ்கூட்டரில் எப்படிப் போவார் என்று பிரீமியம் வாங்கும்போது கேட்காதவர்கள், இழப்பீடு கேட்டு வரும்போது மட்டும் பொடி எழுத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் எவ்வளவு தெரியுமா? 75 முதல் 150 சிசி வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு 2022-ல் அரசு நிர்ணயித்தது வருஷத்துக்கு 714 ரூபாய். நாள் கணக்கில் இரண்டு ரூபாய்க்கும் கீழே. வாடகை வண்டிக்கு ரிஸ்க் அதிகம். சரி, ஐந்து மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், பத்து ரூபாய். 400 ரூபாய் கொடுப்பவர் 410 கொடுக்க மாட்டாரா? இரண்டு வாரம் தங்கும் ஒரு சுற்றுலாப் பயணி, 'என் பேரில், இந்த வண்டிக்கு, இந்தப் பத்து நாளைக்கு இன்ஷூரன்ஸ் கொடுங்கள், காசு தருகிறேன்' என்று ஒத்தவாடைத் தெருவில் கேட்டால், நீட்டுவதற்கு யாரிடமும் ஒரு பாரம் கிடையாது. நம்ம ஊரில் இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதுவும் வருஷக் கணக்கில். 2022-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், ஓட்டுகிற கிலோமீட்டருக்கு ஏற்ற பிரீமியம் என்று ஒரு புதுமைக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் சொந்த வண்டிக்கு விழும் சேதத்துக்குத்தான். எதிரே வருகிறவருக்கு அல்ல.

இதே விஷயம் பிரிட்டனில் எப்படி நடக்கிறது? செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிய ஒருவர் லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். இங்கே வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டே 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். ஆனால், மகன் காரின் பாலிசியில் மகன் பேர் மட்டும் இருந்தால், அப்பா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அங்கே யார் ஓட்டுகிறார் என்பதுதான் கேள்வி. அப்பா பேரில் ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு என்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். இந்திய லைசென்ஸ் என்றதும் முகம் சுளிக்கும் கம்பெனிகள் அங்கேயும் உண்டு. கட்டணத்தைத் தீட்டிவிடுவார்கள். அதையும் மீறி இன்ஷூரன்ஸே இல்லாத வண்டி ஒருவர் மேல் மோதிவிட்டால், அவருக்கு இழப்பீடு கொடுப்பதற்கென்றே எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போடும் ஓர் அமைப்பு 1946-லிருந்து இருக்கிறது. வெள்ளைக்காரனிடமிருந்து இன்ஷூரன்ஸ் சட்டத்தை வாங்கிக்கொண்ட நாம், இதை மட்டும் அவன் மூட்டையிலேயே விட்டுவிட்டோம்.

நம்ம அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள். உயிர் காக்கும் திட்டம், சந்தேகமே இல்லை. மத்திய அரசும் 2025-ல் ஏழு நாள், ஒன்றரை லட்ச ரூபாய் வரை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எட்டாவது நாள் அந்தக் குடும்பம் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதுதான் நான் கேட்பது.

சட்டம் இல்லையா? 1997-லேயே மத்திய அரசு மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. லைசென்ஸ் எடு, வண்டியை வாடகை வண்டி என்று பதிவு செய், அதற்கேற்ற இன்ஷூரன்ஸ் போடு, பிறகு தாராளமாக வாடகைக்கு விடு. இதை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஒரு முகாம் நடத்தியிருந்தால், அந்தப் பையன்களே வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் போலீஸைக் கண்டால் வண்டியை சந்துக்குள் தள்ளிக்கொண்டு ஓடுவது சுகமில்லை. முகாம் போட அதிகாரிகளுக்கு நேரமில்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் சீன அதிபர் வந்தபோதும், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் ஊரையே சலவைக்குப் போட்ட மாதிரி மாற்றிக் காட்டியவர்கள்தானே?

2021-22-ல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான் என்று மத்திய அரசின் புள்ளிவிவரமே சொன்னபோது நாம் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். கொரோனா காலத்துக் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனாலும், இத்தனை பேரை வரவேற்கத் தெரிந்தவர்களுக்கு, அவர்கள் எந்த வண்டியில், எந்தக் காகிதத்தோடு நம்ம ஜனங்கள் நடக்கிற சாலையில் போகிறார்கள் என்று பார்க்கத் தெரியாதா? இலங்கையைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கவுன்டர் போட்டு, வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். மீனம்பாக்கத்தில் ஒரு மேஜை போட இடமில்லையா?

வெளிநாட்டுக்காரரோடு இது முடிந்துபோகிற கதையும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி கோவளம், முட்டுக்காடு பக்கம் பறக்கிற கார்களில் எத்தனை, நண்பனின் நண்பனிடம் வாடகைக்கு எடுத்த வெள்ளை போர்டு கார்கள்? உங்கள் பையன் ஓட்டுகிறானா, கேட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் நாட்டிய விழா வரும், கூட்டமும் வரும். அதற்கு முன்னால் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆட்கள் நாலு பேரும், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் ஒத்தவாடைத் தெருவில் ஒரு பந்தலைப் போட்டு உட்காரட்டும். அபராத ரசீதுப் புத்தகத்தை ஆபீஸிலேயே வைத்துவிட்டு, கறுப்பு போர்டுக்கான விண்ணப்பப் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரட்டும். ஒரு வாரம் போதும். உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தாளி வந்து, 'மகாபலிபுரத்தில் ஸ்கூட்டர் எடுக்கலாமா?' என்று கேட்டால், அந்தப் பந்தலைப் போடும்வரை, டிரைவரோடு ஒரு டாக்ஸி பேசிக் கொடுங்கள். மஞ்சள் போர்டா என்று பார்த்துப் பேசுங்கள்.